நேயோடாம் ஆல்ஃபா: அந்த 0.2 மில்லிமீட்டர் எப்போது கைக்கு வரும்?

சீமன்ஸ் ஹெல்தினியர்ஸின் நேயோடாம் ஆல்ஃபா என்ற சிடி ஸ்கேனருக்கு 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. உடலை 0.2 மில்லிமீட்டர் மெல்லிய ஸ்லைஸ்களாக (குறுக்குவெட்டுப் படங்களாக) இதனால் காட்ட முடியும். எக்ஸ்ரே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் டிடெக்டரோடு மருத்துவமனைப் புழக்கத்துக்கு வந்த முதல் முழு உடல் சிடி இதுதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: டிடெக்டர் சொன்னதைச் செய்கிறது. ஆனால் பழைய 64 ஸ்லைஸ் மெஷினின் புரோட்டோகாலை (ஸ்கேன் அமைப்புகளின் பட்டியலை) அப்படியே இதில் ஏற்றி ஓட்டினால் ஏறக்குறைய பழைய படமே வரும். போட்ட காசு கரி.

என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க, வழக்கமான சிடி-யில் ஒரு ஃபோட்டானுக்கு என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உடலைக் கடந்து வரும் ஃபோட்டான் முதலில் ஒரு சிண்டிலேட்டரில் விழுந்து ஒளியாகிறது. அந்த ஒளி அடியிலுள்ள போட்டோடயோடில் மின்சாரமாகிறது. ஒரு கோணத்தில் அளவெடுக்கும் நேரம் முழுக்க வந்த மின்சாரத்தை மொத்தமாகக் கூட்டித்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள். இதில் இரண்டு குறை. 80 கேஇவி (ஃபோட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு) ஃபோட்டான் 40 கேஇவி ஃபோட்டானைவிட இரு மடங்கு ஒளி தரும் என்பதால் கணக்கில் அதன் கைதான் ஓங்கும். ஆனால் காண்ட்ராஸ்ட்டைச் (திசுக்களுக்கு இடையிலான வெளுப்பு-கறுப்பு வேறுபாட்டை) சுமந்து வருவது பெரும்பாலும் அந்த 40 கேஇவி ஆசாமி. இரண்டாவது, கூட்டும்போது எலக்ட்ரானிக் சத்தமும் (படத்தைக் கெடுக்கும் தேவையற்ற சிக்னல்) சேர்ந்தே கூடிவிடும். பருமனானவரின் இடுப்பில், இரண்டு தோள்களுக்கு நடுவில், ஃபோட்டான் வரத்து குறையும் இடங்களில் படம் முழுக்கக் கோடு கோடாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆல்ஃபாவில் சிண்டிலேட்டரே கிடையாது. சுமார் 1.6 மிமீ தடிமனுள்ள காட்மியம் டெல்லுரைடு படிகத்தின் குறுக்கே உயர் வோல்டேஜ் நிற்கிறது. ஃபோட்டான் விழுந்ததும் எலக்ட்ரான் கூட்டம் ஒன்று கிளம்பி நேராக அடியிலுள்ள பிக்சலுக்கு ஓடுகிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஒரு துடிப்பு. துடிப்பின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லும். சுமார் 20 கேஇவி-க்குக் கீழே உள்ள துடிப்பை எண்ணுவதே இல்லை என்பதால் எலக்ட்ரானிக் சத்தம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நுணுக்கமான படம் கிடைப்பதற்குக் காரணம் வேறு. சிண்டிலேட்டர் துண்டுகளுக்கு நடுவே ஒளி கசியாமல் இருக்கச் சுவர் வைத்தாக வேண்டும். துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்கச் சுவர் பிடிக்கும் பங்கு ஏறும். சுவரில் விழுந்த ஃபோட்டான் வீண். பழைய மெஷின்களில் காது எலும்புக்கென்று இருந்த அல்ட்ரா ஹை ரெசல்யூஷன் மோடில் இன்னும் மோசம். டிடெக்டருக்கு முன்னால் சீப்பு மாதிரி ஒரு தடுப்பை இறக்கித் துளையைக் குறுக்குவார்கள். நோயாளியின் உடலைத் துளைத்து, டோஸையும் கொடுத்துவிட்டு வந்த ஃபோட்டானைக் கடைசி நொடியில் குப்பையில் போடுவதற்குச் சமம் அது. ஆல்ஃபாவில் சுவரும் இல்லை, சீப்பும் இல்லை. இந்த மெஷினின் ஆகப் பெரிய நன்மை இதுதான், விளம்பரங்கள் ஃபோட்டான்களை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் ஸ்பெக்ட்ரலைத் தூக்கிப் பிடித்தாலும்.

இனி அந்த 0.2 மிமீ. சாதாரண மோடில் 144 × 0.4 மிமீ (டிடெக்டர் வரிசை × ஸ்லைஸ் தடிமன்), நுண் மோடில் 120 × 0.2 மிமீ. ஸ்லைஸ் மெல்லியதானால் போதாது, படத்தின் பிக்சலும் அதற்கு ஈடாக வேண்டும். 350 மிமீ எஃப்ஓவி (படம் காட்டும் பரப்பின் அகலம்), 512 மேட்ரிக்ஸ் (ஒரு வரிசையில் 512 பிக்சல்) என்றால் ஒரு பிக்சல் 0.68 மிமீ. டிடெக்டர் பார்த்ததை நாமே அழித்துவிட்டோம். எஃப்ஓவி-யை 200 மிமீ ஆக்கி மேட்ரிக்ஸை 1024 ஆக்கினால்தான் 0.195 மிமீ கிடைக்கும். காது எலும்பு போன்ற இடத்தில் எஃப்ஓவி-யை இன்னும் குறுக்கினால் 512-லேயே ஒப்பேற்றிவிடலாம். படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் கணக்கு வடிகட்டியான கெர்னலும் கூர்மையாக வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட்டின் உட்புறம் தெரிய பிவி (ரத்தக்குழாய்க்கான கெர்னல்; எண் ஏற ஏறக் கூர்மை) 60-ஐத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். வழக்கமான பிவி 40-ல் ரீகன் (ரீகன்ஸ்ட்ரக்ஷன், அளவுகளிலிருந்து படத்தைக் கட்டமைத்தல்) செய்துவிட்டு "ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று சொல்வது மெஷினின் குற்றமில்லை.

இதற்கு விலை உண்டு. வாக்ஸலின் (படத்தின் முப்பரிமாணக் கட்டத்தின்) பக்கத்தைப் பாதியாக்கினால் உள்ளே விழும் ஃபோட்டான் எட்டில் ஒரு பங்கு; சத்தம் ஏறக்குறைய 2.8 மடங்கு. கூர்மையான கெர்னல் அதை மேலும் ஏற்றும். கியூஐஆர் என்ற, திரும்பத் திரும்பக் கணக்கிட்டுச் சத்தத்தைக் குறைக்கும் இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்ஷனை 3 அல்லது 4-ல் வைத்து அடக்குகிறார்கள். எலும்பிலும் நுரையீரலிலும் இது செல்லும், ஏனென்றால் அங்கே இயற்கையிலேயே காண்ட்ராஸ்ட் அதிகம். ஈரலில் சின்ன மெட்டாஸ்டாசிஸ் (பரவிய புற்றுக்கட்டி) தேட 0.2 மிமீ கேட்பது வீண் ஆசை.

படங்களைச் சேமித்துப் பகிரும் பேக்ஸ் அமைப்பின் நிர்வாகியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 1024 மேட்ரிக்ஸில் ஒரு படம் 2 எம்பி. 300 மிமீ மார்பை 0.2 மிமீ-யில் வெட்டினால் 1500 படம், 3 ஜிபி. அதே மார்பு 1 மிமீ, 512-ல் 150 எம்பி-தான். இருபது மடங்கு! அதோடு ஸ்பெக்ட்ரல் டேட்டாவையும் சேமித்தால் நெட்வொர்க் மூச்சுத் திணறும். எல்லா நோயாளிக்கும் எல்லா சீரிஸையும் அனுப்புவது முதல் மாதத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

ஆற்றலைப் பிரிப்பதில் பயன் அயோடின் பக்கம். அதன் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயை உறிஞ்சுவது திடீரென ஏறும் ஆற்றல்) 33.2 கேஇவி. மோனோஎனர்ஜெட்டிக் படத்தை (ஒரே ஆற்றலில் எடுத்தது போலக் கணக்கிட்ட படத்தை) 50 கேஇவி-க்கு இறக்கினால் ரத்தக்குழாய் பளிச்சென்று எழும்பும். அதனால் கிரியாட்டினின் ஏறிய, சிறுநீரகம் பலவீனமானவருக்குக் காண்ட்ராஸ்ட் மருந்தின் அளவைக் குறைக்க இடமிருக்கிறது. எக்ஸ்ரே டியூபின் வோல்டேஜை (கேவி) மாற்றாமல், இரண்டாவது முறை ஓட்டாமல், எடுத்த ஸ்கேனிலிருந்தே இதைப் பிறகு செய்துகொள்ளலாம். ஆனால் ஹெச்யூ எண்ணை (திசுவின் அடர்த்தியைக் காட்டும் சிடி எண்ணை) நம்பி முடிவெடுக்கும் இடங்களில் விழிப்பு வேண்டும். இதயக் குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோரின் 130 ஹெச்யூ எல்லை 120 கேவி காலத்துக்கானது. இங்கே 70 கேஇவி, 3 மிமீ ஸ்லைஸ், கியூஐஆர் ஆஃப் என்று வைத்தால் பழைய ஸ்கோரோடு ஒத்துப்போகும். கியூஐஆர்-ஐ ஏற்றிவிட்டால் ஸ்கோர் இறங்கும். விளிம்பில் நிற்கும் நோயாளி வேறு வகுப்புக்குப் போய்விடுவார்.

டிடெக்டர் குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். இரண்டு பிக்சலின் எல்லையில் விழும் 60 கேஇவி ஃபோட்டானின் எலக்ட்ரான் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு 30 கேஇவி ஃபோட்டான் வந்ததாகக் கணக்கு ஏறும். காட்மியமும் டெல்லுரியமும் சுமார் 23 முதல் 27 கேஇவி-யில் தாங்களே ஒளிர்ந்து பக்கத்துப் பிக்சலைக் குழப்பும். பிக்சலை இன்னும் சிறிதாக்க முடியாததற்கு இவைதான் தடை. ஃபோட்டான்கள் அடைமழையாக வரும்போது இரண்டு துடிப்பு ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். 40-ம் 40-ம் சேர்ந்து ஒரு 80. ஆகவே ஆற்றல் பிரிப்பு விளம்பரப் படத்தில் காட்டுவது போலச் சுத்தமாக இருக்காது.

இதயத்துக்கு வந்தால், இரண்டு டியூப், 0.25 வினாடிச் சுழற்சி, 66 மில்லி வினாடி டெம்போரல் ரெசல்யூஷன் (ஒரு படத்துக்கு அளவெடுக்க ஆகும் நேரம்). கால்சியம் படத்தில் உள்ளதைவிடப் பெரிதாகப் பூத்துக் குழாயை மறைக்கும் தொல்லை நுண் மோடில் கண்கூடாகக் குறைகிறது. நுண் படம் என்றால் நுண் அசைவும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண மோடில் பிட்ச் (ஒரு சுழற்சியில் மேசை நகரும் தூரம் டிடெக்டர் அகலத்தின் எத்தனை மடங்கு என்பது) 3.2-ல் மேசை வினாடிக்கு 737 மிமீ ஓடும். மார்பு அரை வினாடிக்குள் முடிந்துவிடும். நுண் மோடில் டிடெக்டர் அகலம் 24 மிமீ-தான். பிட்ச் 1, 0.5 வினாடிச் சுழற்சி என்றால் அதே மார்புக்கு 6 வினாடிக்கு மேல். மூச்சடக்கப் பழக்காமல் மேசையை நகர்த்தினால் 0.2 மிமீ-யை மூச்சு தின்றுவிடும்.

82 செமீ கான்ட்ரி (நோயாளி நுழையும் வளையம்) வாய் தாராளம். டின் ஃபில்டர் போட்ட 100 கேவி நுரையீரலுக்கும் சைனஸுக்கும் நன்று. நோயாளியை ஐசோசென்டரில் (சுழற்சியின் மையத்தில்) படுக்க வைப்பதில் சோம்பல் கூடாது. மையத்திலிருந்து விலக விலகச் சுழற்சியால் வரும் மங்கல் கூடும். காது எலும்பில் இது உடனே தெரியும்.

2024 இறுதியில் ஒற்றை டியூப் கொண்ட ஆல்ஃபா ப்ரைம் என்ற தம்பியும் வந்திருக்கிறது. இதய வேலை குறைவாகவும் எலும்பு, நுரையீரல், புற்றுநோய்த் தொடர் ஸ்கேன் அதிகமாகவும் இருக்கும் இடம் அதை முதலில் பார்க்கலாம். வயிறும் தலைக்காயமும்தான் அன்றாடப் பிழைப்பு என்றால் நல்ல 128 ஸ்லைஸ் மெஷினே போதும். டெமோவுக்குப் போகிறவர்கள் அவர்கள் காட்டும் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஸ்டென்ட் வைத்த ஒருவரின் ரா டேட்டாவை எடுத்து, பிவி 40, 0.6 மிமீ, 512-ல் ஒன்று, பிவி 72, 0.2 மிமீ, 1024-ல் ஒன்று என்று கண்ணெதிரே ரீகன் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.