1969 பான்டியாக் ஜிடிஓ 'குளோன்': சில வருடங்கள் ஓட்டிய பிறகு

ஜிடிஓ என்பது பான்டியாக்கின் பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார். என்னிடம் இருப்பது அசல் ஜிடிஓ இல்லை. முன்கண்ணாடி வழியாகவே தெரியும் வின் (காரின் அடையாள எண்) தகட்டில் எண் 237 என்று தொடங்குகிறது, அசலாக இருந்தால் 242 என்று இருக்க வேண்டும். தொழிற்சாலையை விட்டு வந்தபோது இது 350 கன அங்குல வி8 இன்ஜின் போட்ட வெறும் லெமான்ஸ், அதாவது பான்டியாக்கின் சாதாரண நடுத்தர அளவுக் கார். பிற்பாடு ஒரு புண்ணியவான் பாடியைப் பிரித்து, துரு தின்ற தகடுகளை வெட்டி எறிந்து, டிங்கரிங் முடித்து, ஜிடிஓவின் மூக்கு, பானெட், 400 இன்ஜின் எல்லாவற்றையும் ஏற்றி ஜிடிஓவாக மாற்றியிருக்கிறார். எனக்கு விற்றவர் விளம்பரத்தின் முதல் வரியிலேயே குளோன் என்று போட்டிருந்தார், அந்த நேர்மைக்காகவே போய்ப் பார்த்தேன்.

இதைப் போலி என்று சொல்வதைவிட ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் மேலிடம் விதித்திருந்தபோது, ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த பான்டியாக்காரர்கள், புது மாடல் என்று சொல்லாமல் லெமான்ஸுக்கான கூடுதல் வசதி என்று எழுதி 389 இன்ஜினை உள்ளே நுழைத்ததுதான் 1964 ஜிடிஓ. தனி மாடல் ஆனது 1966இல்தான். ஆக லெமான்ஸில் ஜிடிஓ சாமான்களை ஏற்றுவதைத் தொடங்கி வைத்ததே அந்தக் கம்பெனிதான். அதோடு பான்டியாக்கின் 350, 400, 455 எல்லாமே வெளியளவில் ஒரே பிளாக், 350ஐ இறக்கிவிட்டு 400ஐ வைத்தால் வெட்டாமல் ஒட்டாமல் உட்கார்ந்துவிடும்.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது? இதற்காகத்தான் வாங்கினேன், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1969இல் இந்த இன்ஜினுக்கு 350 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள், ஆனால் அது ஃபேன், சைலன்சர் எதுவும் மாட்டாமல் இன்ஜினை மட்டும் சோதனை மேடையில் வைத்து அளந்த அந்தக் காலத்துக் கணக்கு. அன்றைய கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 10.75, அதற்கு ஈயம் கலந்த பெட்ரோல் வேண்டும். என் காரைக் கட்டியவர் அதை 9.3 அளவுக்கு இறக்கிவிட்டார், அதனால் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேனிலேயே தட்டாமல் ஓடுகிறது. காகிதத்தில் சக்தி கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதியை அரைவாசி அழுத்தினால் போதும், 1,600 கிலோ இரும்பும் பின்பக்கம் குந்திக்கொண்டு கிளம்பும்போது அந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும்.

அவர் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கியர்பாக்ஸ்தான். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு 200-4ஆர் போட்டிருக்கிறார், ஜெனரல் மோட்டார்ஸின் எண்பதுகளின் பெட்டி, நான்காவது கியர் 0.67 ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்ற விடும் கியர். பின் ஆக்சிலின் பல் விகிதம் 3.55. ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,200 சுற்றில் கதறிக்கொண்டிருக்கும், இப்போது 2,150 பக்கம் நிற்கிறது, பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போகலாம். முன்பக்கம் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக், தோளோடு சேர்ந்து இழுக்கும் மூன்றுமுனை பெல்ட், கூடவே ஏசி. அசல் 242 காரில் இதையெல்லாம் செய்தால் விலை விழுந்துவிடும் என்று உரிமையாளர்கள் பயப்படுவார்கள், அதற்கு ஒரு போல்ட்டை மாற்றுவதென்றாலும் பத்திரம் பார்க்க வேண்டும். என் காருக்கு அந்தக் கவலையே இல்லை.

தொல்லைகள் உண்டு. பான்டியாக் இன்ஜினின் பின்பக்க மெயின் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது) அந்தக் காலத்தில் கயிறுதான், நிஜமாகவே கிராஃபைட் தடவிய கயிறு. என்னுடையதில் அதைத்தான் மறுபடியும் வைத்திருந்தார்கள், ஒழுகியது, உள்ளூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்து மாற்றினேன், அப்புறமும் ஒழுகியது. இப்போது கராஜில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன், பழகிவிட்டது. பானெட் மேல் நிற்கும் டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஒரு மழை பெய்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்து முள்ளே தெரியாது, நல்ல வெயிலில் நிறுத்தி வைத்தால்தான் தெளியும். டேங்க் மூடி பின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த பிளேட்டை ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்ரோல் போட வேண்டும், கழுத்துவரை நிரப்பிவிட்டு வேகமாகக் கிளம்பினால் பின்னால் வருகிறவருக்கு வாசனை போகும். குளிர்காலையில் மிதியை இரண்டு முறை அமுக்கி சோக்கை வைத்துத்தான் எழுப்ப வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், வாங்கிய உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மைலேஜ் ஊருக்குள் காலனுக்கு 12, நெடுஞ்சாலையில் 17, நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோமீட்டர்.

டெட்ராய்ட் பக்கம் இருப்பதால் உதிரிபாகத்துக்கும் பேச்சுத்துணைக்கும் பஞ்சமில்லை. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம் 1995இலிருந்து வருகிறது, அந்தச் சாலை போய்ச் சேருவதே பான்டியாக் நகரத்துக்குத்தான். ஆமை வேகத்தில், ஆகஸ்ட் வெயிலில், ஏசியும் ஓட, மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் சூடேறவில்லை. அலுமினிய ரேடியேட்டருக்கு ஒரு கும்பிடு. அங்கே வருகிற பெரியவர்கள் நேராக முன்கண்ணாடியின் மூலைக்குக் குனிந்து எண்ணைப் படித்துவிட்டு, "ஓ, லெமான்ஸா" என்பார்கள். ஆமாம், லெமான்ஸ்தான். கொஞ்சம் தள்ளிப் பளபளவென்று நிற்கும் அசல் கார்களில் பல டிரெய்லரில் வந்து டிரெய்லரிலேயே திரும்புகின்றன, எனக்கு அதில் பொறாமை எதுவும் வரவில்லை.

எங்கள் மிச்சிகனில் ஹிஸ்டாரிக் பிளேட், அதாவது பழைய கார்களுக்கான நம்பர் பிளேட், மலிவு. ஆனால் அந்த பிளேட்டோடு ஆகஸ்ட் மாதம் மட்டும்தான் இஷ்டத்துக்கு ஓட்டலாம், மற்ற நாட்களில் கண்காட்சி, கிளப் கூட்டம், ஊர்வலம் மாதிரியானவற்றுக்கு மட்டும். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரவும் இதைத்தான் எடுப்பேன் என்பதால் சாதாரண பிளேட்டே போட்டிருக்கிறேன். சாலையில் உப்பு கொட்டத் தொடங்கியதும் மட்டும் டேங்கில் பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி மூடிவிடுவேன்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வின் எண்ணைப் பாருங்கள். 1966 முதல் 1971 வரை வந்த கார் என்றால் 237, 242 வித்தியாசம் உடனே சொல்லிவிடும். 1964, 65 கார்களில் அசல் ஜிடிஓவுக்கும் லெமான்ஸின் எண்தான், அதனால் தொழிற்சாலை ஆவணம் இல்லாமல் அசல் விலை கொடுக்காதீர்கள். அடுத்ததாகப் பின்சீட்டின் அடித்தகடு, டிக்கித் தரை, பின்கண்ணாடியின் கீழ் விளிம்பு, இந்த மூன்று இடத்தையும் காந்தம் வைத்துப் பாருங்கள், பட்டி போட்டு மறைத்திருந்தால் ஒட்டாது. இன்சூரன்ஸை முன்கூட்டியே மதிப்பு பேசி எழுதும் பாலிசியாக எடுங்கள். விலை ஏறும் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் இது வேண்டாம், காசு சேர்த்து அசல் 242 காரையே தேடுங்கள்.