செவான்–டிலிஜான் ஒரே நாளில்: ஹாகார்ட்சினா கோஷாவாங்கா, வேனா காரா?

ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் தங்கி ஒரு நாள் வெளியே போக நினைப்பவர்களில் பலர் கடைசியில் வந்து சேர்வது வடக்கே போகும் இந்தச் சாலைக்குத்தான். செவான் ஏரி சுமார் 65 கி.மீ., காட்டு நகரமான டிலிஜான் கிட்டத்தட்ட 100 கி.மீ. தூரம் குறைவு என்பதால் ஏரிக்கரை மடாலயமான செவானாவாங்க், நோராதுஸ், பார்ஸ் ஏரி, டிலிஜான் பக்கத்து மடாலயங்களான ஹாகார்ட்சின், கோஷாவாங்க் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கத் தோன்றும். அப்படி அடுக்கினால் எந்த இடத்திலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. ஒரு பெரிய ஏரி, காட்டுக்குள் ஒரு மடாலயம், முடிந்தால் இரண்டு. ஒரு நாளுக்கு அவ்வளவுதான் சரியான அளவு.

முதலில் கழிக்க வேண்டியது நோராதுஸ். நூற்றுக்கணக்கான கச்கார்கள், அதாவது சிலுவை செதுக்கிய கற்பலகைகள், நிற்கும் அந்தப் பழைய கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஏரியின் மேற்குக் கரையோடு தெற்கே போகும் வழி. டிலிஜானோ வடக்கே இருக்கிறது. நோராதுஸ் வேண்டுமென்றால் டிலிஜானை விட்டுவிட்டு, வழியில் உள்ள ஹைராவாங்க் மடாலயத்தையும் சேர்த்து ஏரிக்கரைக்கே ஒரு நாளைக் கொடுங்கள்.

ஹாகார்ட்சினா, கோஷாவாங்கா?

ஹாகார்ட்சின் காட்டுக்குள் தனியாக இருக்கிறது. டிலிஜானிலிருந்து இஜெவான் சாலையில் கிழக்கே சில கி.மீ. போய், இடப்பக்கம் பிரியும் மலைப்பாதையில் ஏற வேண்டும். பாதை மடாலயத்தோடு முடிந்துவிடும். சுற்றிலும் ஓக், பீச் மரங்கள். ஷார்ஜா ஆட்சியாளர் அளித்த நிதியில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டதால் சுவர்களும் கூரைகளும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பழமையின் தழும்புகளைத் தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனாலும் 1248-இல் மினாஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய உணவுக்கூடம் ஒன்றுக்காகவே போகலாம். நீண்ட கூடத்தை இரண்டு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் கல் வளைவுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, நடுவில் வெளிச்சத்துக்குத் திறப்பு விட்டிருக்கிறார். பலர் பெரிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். உணவுக்கூடத்தின் கதவைத் தேடிப் போய் உள்ளே நில்லுங்கள்.

கோஷாவாங்க் இன்னும் கிழக்கே, கோஷ் என்ற கிராமத்தின் நடுவிலேயே இருக்கிறது. பழைய கெட்டிக் மடாலயம் நிலநடுக்கத்தில் இடிந்தபின், ஆர்மேனியச் சட்டத் தொகுப்பை எழுதிய மிகிதார் கோஷ் 1188-இல் இதை எழுப்பத் தொடங்கினார். இங்குள்ள நூலகக் கட்டடம் விசித்திரமானது. கீழே சுவடி அறை. அதன் தலைமேல் 1291-இல் மணிக்கூண்டோடு ஒரு சிறு தேவாலயத்தை ஏற்றியிருக்கிறார்கள். மேலே போக வெளிச்சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் கல் படிகள்தான் வழி. கைப்பிடி இல்லை, மேலிருந்து பார்த்தால் தலை சுற்றும்.

அதே 1291-இல் போகோஸ் என்ற சிற்பி செதுக்கிய கச்கார்தான் கோஷாவாங்கின் உயிர். நேராக நின்று பார்த்தால் பின்னல் வேலைதான் தெரியும். ஓரமாக நகர்ந்து பக்கவாட்டில் பாருங்கள்: ஒரே கல்லில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பல தளங்கள். மேல் தளத்தில் சிலுவை, அதன் அடியில் நூல் நூலாக ஓடும் வலை, அதற்கும் கீழே இருட்டு. இரு ஓரங்களிலும் இறங்கும் நட்சத்திரக் கட்டங்களில் ஒவ்வொன்றிலும் கோலம் வேறு.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு கோஷாவாங்க். மழை, மூடுபனி நாளாக இருந்தாலோ, காட்டின் அமைதிதான் முக்கியம் என்றாலோ ஹாகார்ட்சின். இரண்டுக்கும் இடையே காரில் அரை மணிக்குச் சற்று மேல் ஆகும்.

எதில் போவது?

குழுச் சுற்றுலா வேன் மலிவு, கவலையில்லை. முன்பதிவு செய்யும்முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். போகப்போவது எந்த மடாலயம்? "டிலிஜான்" என்று எழுதியிருப்பது ஊரா, அல்லது அந்த ஊரின் பழைய ஷராம்பேயன் தெருவில் ஒரு குட்டி நிறுத்தமா? இன்னொரு குறையும் உண்டு. பெரும்பாலான வேன்கள் முதலில் செவானில்தான் நிற்கும். அதனால் முற்பகலில் செவானாவாங்க் நிற்கும் தீபகற்பத்தின் இருநூற்றுச் சொச்சம் படிகளிலும் கூட்டம் நெரியும்.

மார்ஷ்ருட்கா எனப்படும் பங்கு வேன் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும். இதில்தான் கணக்கு அதிகம் தவறுகிறது. செவான் வேன் ஊருக்குள் இறக்கிவிடும்; மடாலயம் அங்கிருந்து சில கி.மீ. தள்ளி இருப்பதால் டாக்ஸி வேண்டும். பார்த்து முடித்து நெடுஞ்சாலையில் நின்றால், யெரெவானிலேயே நிரம்பிவிட்ட டிலிஜான் வேன் நிற்காமல் போய்விடும். எனவே மார்ஷ்ருட்கா என்றால் செவான் அல்லது டிலிஜான், இரண்டில் ஒன்று. டிலிஜானைத் தேர்ந்தால் ஊரில் ஒரு டாக்ஸியைக் காத்திருப்போடு பேசி, இரு மடாலயங்களையும் பார்த்து வரலாம். இறங்கும்போதே திரும்பும் கடைசி வேன் எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு பேர் இருந்தால் ஓட்டுநரோடு வாடகைக் கார்தான் சரி. இரு மடாலயங்களும் செவானும் சேர்த்து ஏறக்குறைய 260 கி.மீ. வரும். இந்த எண்ணைச் சொல்லி, நிறுத்தங்களின் பெயர்களையும் காத்திருக்கும் நேரத்தையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள். "டிலிஜான் போய் வரணும்" என்று மட்டும் பேசிவிட்டுக் கிளம்பினால் மலைப்பாதைத் திருப்பத்தில் பேரம் மறுபடி தொடங்கும். யெரெவானில் செயலியில் டாக்ஸி பிடிப்பது சுலபம். கோஷ் கிராமத்தில் திரும்பிவர வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஏரி முதலிலா, காடு முதலிலா?

கார் இருந்தால் கோடையில் தலைகீழாகப் போங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி எங்கும் நிற்காமல் கோஷாவாங்க், பிறகு ஹாகார்ட்சின், டிலிஜானில் மதிய உணவு, 4 மணிவாக்கில் செவான். கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். மே, ஜூனில் பிற்பகல் இடிமழைக்கும் தப்பலாம். குளிர்காலத்தில் இது வேண்டாம். சீக்கிரம் இருட்டிவிடும், செவானின் காற்று மாலையில் எலும்பைத் துளைக்கும். ஏரியை முதலில் முடியுங்கள்.

இரண்டு கி.மீ.க்குச் சற்று நீளமான டிலிஜான் சுரங்கச் சாலை வானிலையையே மாற்றிவிடும். செவான் பக்கம் மரமில்லாத புல்மேடும் வெயிலும் இருக்க, மறுமுனையில் காடும் மூடுபனியும் இருக்கும். ஏரி சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆகஸ்டிலும் காற்று தடுக்கும் மேலாடை வேண்டும்.

பார்ஸ் ஏரியைச் செவானோடு ஒப்பிடவே வேண்டாம். அது காட்டுக்குள் ஒரு குளம், படகுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. நடப்பவர்களுக்கு மட்டும் வேறு கதை: அங்கிருந்து கோஷுக்குக் காட்டுப் பாதை உண்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம். காரை மறுமுனையில் காத்திருக்கச் சொல்லுங்கள்.

செவானாவாங்க் மன்னர் முதலாம் அஷோத்தின் மகள் மரியம் 874-இல் நிறுவியது. அப்போது அது தீவு. சோவியத் காலத்தில் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நீரை இழுத்ததில் மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் இறங்கி, தீவு கரையோடு ஒட்டிவிட்டது. தேவாலயங்கள் சிறியவை, காட்சிதான் பெரிது. முக்கால் மணி நேரம் போதும்.

மடாலயங்களுக்குக் கட்டணம் இல்லை, செருப்பைக் கழற்ற வேண்டாம், தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். உள்ளூர்க்காரர்கள் பீடத்துக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து வெளியேறுவார்கள். வாசலில் வழிவிட்டு நில்லுங்கள். சைவர்கள் செவானில் மீன் உணவகங்களோடு போராடாமல் டிலிஜானில் சாப்பிடலாம். தயிரும் கோதுமையும் சேர்ந்த ஸ்பாஸ் சூப், காளான், பீன்ஸ் என்று அங்கே வயிறு நிறையும்.