டெக்சாஸில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு: போய் வந்து எழுதுகிறேன்

டல்லாஸுக்கு வடக்கே, பிளேனோ பக்கம் இருக்கும் ஒரு உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் எல்.டி.சி. வகுப்புக்குப் போய் வந்தேன். எல்.டி.சி. என்பது கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல டெக்சாஸ் அரசு தரும் லைசென்ஸ். காலையில் பாடம், பிறகு எழுத்துத் தேர்வு, கடைசியில் சுடும் தேர்வு. கட்டணம் 80 டாலர், தோட்டா நம் செலவு. ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் அறையில் பாதி நாற்காலிகூட நிரம்பவில்லை. அந்தக் காலி நாற்காலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

முதலில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, குரலை உயர்த்தாத மனிதர். துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நெடுநேரம் சண்டையை எப்படித் தவிர்ப்பது என்றுதான் பேசினார். ரோட்டில் ஒருவன் குறுக்கே வண்டியை விட்டுத் திட்டினால், துப்பாக்கி வைத்திருப்பவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்டு விலக வேண்டும் என்றார். அடுத்து, வீட்டில் குழந்தை உண்டா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். 17 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம். கம்பிப் பூட்டை எடுத்து, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துத் திறந்த இடம் வழியாகக் கம்பியை நுழைத்து, மேகசின் போடும் துளை வழியே வெளியே எடுத்துப் பூட்டிக் காட்டினார். எங்களையும் ஒவ்வொருவராகச் செய்ய வைத்தார். என் மகள் படிக்கும் பள்ளியில் எத்தனை பிள்ளைகளின் வீட்டில் இது தெரியும் என்று யோசித்தபடியேதான் பூட்டினேன்.

கடை வாசலில் பார்க்கிற பலகைகளுக்கும் அன்றுதான் அர்த்தம் புரிந்தது. 30.05 என்ற சட்டப் பிரிவு எண் இருந்தால் லைசென்ஸ் இல்லாதவர்கள் துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது. 30.06 என்றால் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்துக்கூட எடுத்துவரக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியும்படி வரக்கூடாது. சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கடைக்குள் துப்பாக்கியோடு காலே வைக்கக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பள்ளியிலிருந்து ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடம் வராமல் கடைக்குப் போய்த் திரும்பவே முடியாது. இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

சுடும் தேர்வில் ஐம்பது தோட்டா. 3 கெஜத்தில் இருபது, 7 கெஜத்தில் இருபது, 15 கெஜத்தில் பத்து. 250க்கு 175 எடுத்தால் பாஸ். கடினமே இல்லை.

குறை என்றால் ரேஞ்சின் துப்பாக்கி கவுண்டர்தான். பெண் என்றதும் உள்ளங்கையளவு பிஸ்டலை எடுத்து நீட்டுகிறார்கள். சின்னத் துப்பாக்கி எடை குறைவு என்பதால் கையை அதிகமாக உதைக்கும், ஸ்லைடை இழுப்பதும் பெரும்பாலும் கஷ்டம். நடுத்தர அளவு 9 எம்.எம். பிஸ்டலைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, நாற்காலிகள் ஏன் காலி? 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். பயிற்சி வேண்டாம், தேர்வு வேண்டாம். துப்பாக்கி உரிமை இயக்கம் வளர்பிறையில் இருக்கிறதா தேய்பிறையில் இருக்கிறதா என்று கேட்பவர்களை நான் இந்த அறைக்குத்தான் கூட்டிவருவேன்.

1991-ல் கில்லீன் ஊர் உணவகத்தில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற வாதம் அங்கிருந்துதான் இங்கே வலுத்தது. அதற்கு வழிவிடும் முயற்சியை 1993-ல் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் தடுத்தார், அடுத்த வருடம் தேர்தலில் தோற்றார், 1995-ல் அடுத்த கவர்னர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் லைசென்ஸ் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று இயக்கம் மக்களிடம் கொடுத்த வாக்கே பயிற்சிதான்: படித்து, தேர்வெழுதி, பின்னணி சோதிக்கப்பட்டவர்கள் மட்டுமே எடுத்துச் செல்வார்கள் என்றார்கள். அந்த வாக்கை நம்பித்தான் எதிர்த்தவர்களில் பலர் சமாதானம் ஆனார்கள். 2021-ல் அதே இயக்கம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது.

சட்டக் கணக்கில் பார்த்தால் ஏறுமுகம்தான், சந்தேகமே இல்லை. 2024 கணக்குப்படி 29 மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்லலாம். 2022-ல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில், தனிக் காரணம் காட்டினால்தான் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய விதியை 6-3 எனத் தள்ளியது. துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சருக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 தொடக்கத்தில் பூஜ்யம் ஆனது. இத்தனைக்கும் இயக்கத்தின் பெரிய அமைப்பான என்.ஆர்.ஏ. (தேசிய ரைஃபிள் சங்கம்) தளர்ந்து கிடந்த காலம் இது. 2021-ல் இதே டல்லாஸ் நீதிமன்றத்தில் திவால் மனு போட்டுத் தள்ளுபடி ஆனது, 2024-ல் அதன் தலைமை நிர்வாகியாக நெடுங்காலம் இருந்த வேய்ன் லாபியரை 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னது நியூயார்க் ஜூரி. அமைப்பு தளர்ந்தபோதும் இயக்கம் ஜெயித்துக்கொண்டே போனது.

ஆனால் எல்லாப் பக்கமும் ஜெயிக்கவில்லை. 2024 ரஹிமி வழக்கில் அதே நீதிமன்றம், குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8-1 எனக் காப்பாற்றியது. பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 56 சதவீதம் பேர் இன்னும் கடுமையான சட்டம் கேட்டார்கள்.

2023 மே மாதம் பக்கத்து ஊரான ஆலன் மாலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், நம் நாட்டிலிருந்து வந்த ஒரு இளம் பொறியாளரும் அதில் ஒருவர். இரண்டே நாளில், செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக்கும் மசோதா தலைநகர் ஆஸ்டினில் சட்டசபைக் குழுவைத் தாண்டியது. குடியரசுக் கட்சியினர் இருவர் ஆதரித்து வாக்களித்தார்கள். சபை வாக்கெடுப்புக்கு வராமலே அது செத்தது. அந்த மாலுக்கு நாங்கள் எல்லோரும் துணி வாங்கப் போகிறவர்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நானும் துப்பாக்கி வைத்திருப்பவள்தான், அந்த உரிமை வேண்டும் என்றும் நினைக்கிறேன். இந்த வகுப்பைக் கட்டாயமாகவே வைத்திருந்தால் என் பக்கத்து வீட்டாரிடம் தைரியமாக வாதாடுவேன். இப்போது பயிற்சியே இல்லாமல் ஏன் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: அரசுக்குக் கட்டும் கட்டணம் 40 டாலர், 2017 வரை 140 ஆக இருந்தது. கைரேகைக்குத் தனியாக நேரம் வாங்க வேண்டும். லைசென்ஸ் வந்தபின் கடையில் துப்பாக்கி வாங்கும்போது வாங்குபவர் நிரப்பும் 4473 படிவம் மட்டும் போதும், எஃப்.பி.ஐ. சோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்குப் போய் ஒரு ரவுண்டு சுடுவதும் இதில் அடங்கும். வக்கீலிடம் கேட்காமல் போகாதீர்கள்.