பனிநாட்டு மறைப்பும் சுங்கை சிப்புட் வெயிலும்

கேம்பர்வேன், அதாவது உள்ளே படுத்துத் தூங்கும்படி மாற்றிய வேன், அதன் ஜன்னல் மறைப்புகளைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளிலிருந்து வருகிறது. உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வேன் வைத்திருக்கும் நமக்குக் கவலை வேறு. பகலில் வெயில் உள்ளே வரக் கூடாது, இரவில் மூச்சும் வியர்வையும் சேர்க்கும் ஈரம் வெளியே போக வேண்டும். இதை மறந்துவிட்டுத் தடிமனைப் பார்த்து வாங்குவது வீண் செலவு.

பழைய நிசான் வேனெட்டிலோ டொயோட்டா ஹையேஸிலோ படுக்கை போட்டுக்கொண்டு, தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கும், பள்ளி விடுமுறையில் தெலுக் பாத்திக் கடற்கரைக்கும், சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கும் போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முன்கண்ணாடிக்கு வெளியே போர்த்தும் மறைப்பா, உள்ளே ஒட்டும் மறைப்பா? பகல் வெயிலுக்கு வெளிமறைப்புக்கு ஈடே கிடையாது. சூரிய ஒளி கண்ணாடியைச் சுலபமாகக் கடந்து டேஷ்போர்டிலும் இருக்கையிலும் படுகிறது. அங்கே வெப்பமாக மாறியபின் அந்த வெப்பக் கதிரைக் கண்ணாடி திரும்ப வெளியே விடுவதில்லை. அதனால் ஒளியைக் கண்ணாடிக்கு முன்பே தடுப்பதுதான் முறை. உள்மறைப்பு வெள்ளி நிறமாக இருந்தால் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். ஆனாலும் ஒரு பகுதி வெப்பம் கண்ணாடிக்கும் மறைப்புக்கும் நடுவே தங்கிவிடும். கறுப்பு முகத்தை வெளிப்பக்கம் வைத்தால் அதுவே ஒரு சூடான தகடாகி வேனுக்குள் அனலை வீசும்.

ஆனால் இரவில் வெளிமறைப்பை நான் விரும்புவதில்லை. மாலை மழையில் நனைந்து கனத்துவிடும். ஈரத்தோடு உள்ளே கொண்டுவந்து எங்கே வைப்பது? அறிமுகமில்லாத இடத்தில் நடுநிசியில் வண்டியை எடுக்க வேண்டி வந்தால், கீழே இறங்கி அதை அவிழ்க்க வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று முன்கண்ணாடிக்கு மட்டும் இரண்டு வைத்துக்கொள்வது ஆடம்பரமல்ல.

பக்க ஜன்னல்களில்தான் உண்மையான போட்டி. ஒரு பக்கம், வண்டியின் அளவுக்கே வெட்டி, பஞ்சு அடைத்துத் தைத்து, பல நூறு மலேசிய வெள்ளிக்கு விற்கப்படும் ஆயத்த மறைப்பு. மறுபக்கம், தகரக் கூரைக்கு அடியில் விரிப்பதற்காக ஹார்ட்வேர் கடையில் விற்கும் குமிழ் வைத்த வெள்ளித் தாள். இதை வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாம். வெயிலைத் திருப்புவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வேலையைச் செய்வது மேலே உள்ள வெள்ளிப் படலம்தான். குளிரைத் தடுப்பதில் பஞ்சு மறைப்பு தெளிவாக ஜெயிக்கிறது. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் அங்கே போர்வை தேடுவோம். ஆனால் ஆண்டில் எத்தனை இரவு மலையில் தூங்கப் போகிறீர்கள்?

பஞ்சுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் காற்றில் எப்போதும் ஈரம். மறைப்பின் ஓரம் சரியாகப் பொருந்தாவிட்டால், உள்ளிருக்கும் ஈரக்காற்று அதன் பின்னால் நுழைந்து குளிர்ந்த கண்ணாடியில் நீராக வடியும். பஞ்சு அதைக் குடித்துக்கொள்ளும். நாலு நாள் மடித்து வைத்தால் பூஞ்சை வாடை கிளம்பிவிடும். நீர் குடிக்காத, துளைகள் மூடிய நுரை அட்டையின் ஒரு பக்கம் வெள்ளித் தாளும் மறுபக்கம் கறுப்புத் துணியும் ஒட்டி, ஓரத்துக்குத் தையல் கடையில் நாடா பிடித்துக்கொண்டால், கடையில் வாங்கும் மறைப்பைவிட நம் ஊருக்குப் பொருத்தமான பொருள் கிடைக்கிறது. என் ஓட்டு இதற்கே. அளவெடுக்கப் பழைய செய்தித்தாளைக் கண்ணாடியில் ஒட்டி வரைந்து, சுற்றிலும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டுங்கள். சட்டத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். எது எந்த ஜன்னலுக்கு என்று பின்னால் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் குழப்பம் வரும்.

எவ்வளவு நல்ல மறைப்பானாலும் சமவெளியில் எல்லா ஜன்னலையும் அடைத்துக்கொண்டு தூங்க முடியாது. எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து, அங்கே மறைப்புக்குப் பதில் கொசுவலை போடுங்கள். செம்பனைக் காட்டை ஒட்டி நிறுத்துகிறவர்களுக்குக் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானில் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. உள்ளே கேஸ் அடுப்பு மூட்டும்போதும் இதே எச்சரிக்கை.

திரைச்சீலையும் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புப் படலமும் இந்தப் போட்டியில் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. கண்ணாடியில் ஒரு கைலியைக் கட்டினால் போதாதா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. மறைவுக்குப் போதும், வெயிலுக்குப் போதாது. படலம் ஒட்டுவதானால், மலேசியாவில் 2019 மே மாதம் முதல் உள்ள விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும். அவற்றுக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு வரம்பு இல்லை. ஆனால் உள்ளே விளக்குப் போட்டால் படலத்துக்குப் பின்னால் இருப்பவர் வெளியே தெரிவார்.

கடைசியாகப் பிடிமானம். மறைப்பைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டவைக்கும் ரப்பர் உறிஞ்சி வெயிலில் இளகி, விடியும் முன்பே பொத்தென்று விழும். செம்மண் தூசி படிந்த கண்ணாடியில் நிற்கவே நிற்காது. கண்ணாடியைத் துடைத்து, வளைந்துபோன உறிஞ்சியை வெந்நீரில் போட்டெடுத்தால் சில காலம் ஓடும். ஜன்னலைச் சுற்றி இரும்புத் தகடு வெறுமையாகத் தெரியும் பழைய வேன்களில், ஓர நாடாவுக்குள் சிறு காந்தங்களை வைத்துத் தைப்பது நல்லது. பிளாஸ்டிக் மூடிய சட்டம் உள்ள வண்டிகளில் காந்தம் ஒட்டாது. வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை எடுத்துப் போய்ச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள்.