ப்ரிஃபரன்ஸ் ஃபைலை அழிப்பதற்கு முன்

அப்டேட் நின்றுபோன ஒரு பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வேலையில் குறையில்லை. ஆனால் அவ்வப்போது டூல்பார் காணாமல் போகும், இல்லையென்றால் திறந்த வேகத்தில் தானே மூடிக்கொள்ளும். யாரைக் கேட்டாலும் "ப்ரிஃபரன்ஸ் ஃபைல் (நம் அமைப்புகளை மென்பொருள் சேமித்து வைக்கும் ஃபைல்) கரப்ட் ஆகியிருக்கும், அழித்துவிடுங்கள்" என்பார்கள். அழித்தால் சரியாகியும் விடுகிறது. அதனால் காரணத்தை யாரும் தேடுவதில்லை.

நான் பார்த்தவரை இதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, ஃபைல் உண்மையிலேயே சிதைவது. பழைய மென்பொருள்கள் பல, இருக்கும் ஃபைலைக் காலி செய்துவிட்டு அதிலேயே புதிதாக எழுதும். அந்த இடைவெளியில் கரண்ட் போனாலோ, மென்பொருள் க்ராஷ் ஆனாலோ, டிஸ்க் நிரம்பினாலோ பாதி ஃபைல்தான் மிஞ்சும். புதியதைத் தற்காலிக ஃபைலில் எழுதி, அது டிஸ்கில் இறங்கியதை உறுதி செய்துகொண்டு, பிறகு பழைய பெயருக்கு மாற்றுவதே சரியான முறை. அப்படிச் செய்தால் முழுப் பழையது அல்லது முழுப் புதியது, இரண்டில் ஒன்று இருக்கும். 2009-இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் (டிஸ்கில் ஃபைல்களை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு) இதுவே பெரிய விவாதமானது. எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடும் அதன் வழக்கத்தால், க்ராஷுக்குப் பிறகு கேடிஇ, க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்களின் அமைப்பு ஃபைல்கள் 0 பைட்டாகக் கிடந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பில் அதற்கு மாற்றுவழி சேர்த்தார்கள். விண்டோஸில் வேறு வேடிக்கை: அதன் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தன் கட்டமைப்பைத்தான் காக்கிறது, ஃபைல்களின் உள்ளடக்கத்தை அல்ல. அதனால் க்ராஷுக்குப் பிறகு ஃபைலின் அளவு சரியாக இருக்கலாம், உள்ளே வெறும் பூஜ்ய பைட்டுகள்.

இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வந்தது. ஃபைல் நன்றாகவே இருக்கும், சுற்றியுள்ளதுதான் மாறியிருக்கும். கழற்றிவிட்ட இரண்டாவது மானிட்டரில் ஒரு ஜன்னலின் இடம் பதிவாகியிருக்கும். அது திரைக்கு வெளியே திறந்துகொள்ளும். நீக்கிவிட்ட எழுத்துரு, இப்போது இல்லாத பிளக்இன் பாதை, பழைய பிரிண்டர் பெயர் எல்லாம் இப்படித்தான். இன்றைய மென்பொருள் சரிபார்த்துவிட்டு ஒதுக்கும். பழையது அப்படியே நம்பிவிடும். இதைக் கரப்ட் என்பது ஃபைலுக்குச் செய்யும் அநியாயம்.

பிரித்தறிய எளிய வழி, ஃபைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்ப்பது. காலியாகவோ பாதியில் நின்றோ இருந்தால் முதல் வகை. முழுசாக இருந்தால், மென்பொருளை மூடிவிட்டு ஃபைலின் பெயரை மாற்றி வைக்கிறேன். புதிய ஃபைல் உருவானதும் பழைய வரிகளைப் பாதிப் பாதியாகச் சேர்த்துப் பார்த்தால் வம்பு செய்யும் வரி அகப்பட்டுவிடும். எழுத்தாகப் படிக்க முடியாத பைனரி ஃபைல் என்றால் இது நடக்காது, பழைய நகல்தான் கதி. அப்புறம், மேக்கில் பின்னணி நிரல் ஒன்று அமைப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும். கையால் அழித்த ஃபைல் அதே பழைய மதிப்புகளோடு திரும்பி வந்தால் லாக்அவுட் செய்துவிட்டுப் பாருங்கள்.