கிங் காங் (1933) ப்ளூ-ரே: ரிமோட் கையிலேயே இருக்கட்டும்

“மாமா, அது மேல எறும்பு ஓடுதா?” என்று கேட்டான் அக்கா மகன். டைனோசரோடு காங் கட்டிப் புரண்டுகொண்டிருந்த நேரம். படத்தை நிறுத்தினேன். பயல் சொன்னது சரிதான், காங்கின் தோளிலும் முதுகிலும் முடி தானாகச் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்குகிறது.

எறும்பு இல்லை, விரல். திரையில் மலைபோல நிற்கிற ராட்சதக் குரங்கு காங், தீவுக் காட்சிகளில் வெறும் 18 அங்குலப் பொம்மை. உள்ளே மூட்டு வைத்த உலோக எலும்புக்கூடு, அதன்மேல் ரப்பரும் பஞ்சும், எல்லாவற்றுக்கும் மேலே முயல் ரோமம். செய்தவர் மார்செல் டெல்கடோ. வில்லிஸ் ஓ'பிரையனின் குழு அதை இம்மியளவு நகர்த்தி ஒரு ஃபிரேம், மறுபடி நகர்த்தி ஒரு ஃபிரேம் என்று எடுத்தது. ஒரு நொடிப் படத்துக்கு 24 ஃபிரேம். கை பட்ட இடத்திலெல்லாம் முடி கலையும், ஓட்டிப் பார்த்தால் சிலிர்க்கும்.

நானும் ஒருமுறை களிமண் குரங்கு பிடித்து செல்போனில் முயன்றவன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய் நாலு நொடி தேறியது. அதிலும் மூன்றாவது நொடியில் குரங்குக்குப் பின்னால் என் முழங்கை. அதனால் இந்த முடி விஷயத்தைக் குறையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

வார்னர் 2010இல் கொண்டுவந்த டிஸ்க் இது. படத்தில் பழைய ஃபிலிமின் பொரிபொரிப்பு அப்படியே இருக்கிறது. அதைத் துடைத்து வழவழப்பாக்காமல் விட்டார்களே, புண்ணியம். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும் வசதி உங்கள் ப்ளேயரில் இருந்தால் அந்த டைனோசர் சண்டையின் முடிவுக்குப் போங்கள். வாயைப் பிளந்து கொன்ற பிறகு, நிஜமாகவே செத்துவிட்டதா என்று காங் அதன் தாடையைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பார்க்கும். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் பொம்மைக்கு ஒரு குணம் வந்து சேர்வது அந்தச் சில நொடியில்தான்.

குறைகளும் உண்டு. காங் தலைகாட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது, அதுவரை கப்பலில் பேச்சு, பேச்சு, பேச்சு. தீவு மக்களைக் காட்டியிருக்கும் விதம் இன்று நெளிய வைக்கிறது. முகத்தை நெருக்கத்தில் காட்ட ஆளுயரத்துக்கும் மேலான பெரிய தலை ஒன்று செய்திருக்கிறார்கள். முழித்த கண்ணோடு அது வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான். நியூயார்க் போனதும் பொம்மை 24 அங்குலமாகிவிடுவதால் காங் திடீரென்று வளர்ந்தும் விடுகிறது.

கூடுதல் பகுதிகளில் ஏழு பாக ஆவணப்படம் ஒன்று, இரண்டரை மணி நேரத்துக்கு மேல். படத்திலிருந்து வெட்டப்பட்டுக் காணாமல் போன சிலந்திப் பள்ளக் காட்சியை இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் பழைய பாணியிலேயே பொம்மை வைத்து மறுபடி எடுத்ததும் இதில் இருக்கிறது. படம் ஓடும்போதே பின்னணியில் பேசி விளக்குகிறவர்களில் ரே ஹாரிஹவுசனும் ஒருவர். 13 வயதில் இந்தப் படத்தைப் பார்த்துக் கிறங்கி, 1949இல் வெளியான ‘மைட்டி ஜோ யங்’ என்ற இன்னொரு ராட்சதக் குரங்குப் படத்துக்கு ஓ'பிரையனிடமே வேலைக்குச் சேர்ந்த மனிதர். அந்தக் குரங்கின் அசைவு இதைவிடச் சீர், அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போடுவது காங்கைத்தான்.

அக்கா மகன் கப்பல் பகுதியில் தூங்கிவிட்டான். தாடை ஆட்டுவதை மட்டும் ஆறு தடவை போடச் சொன்னான்.