ஹிரோஷிமாவைப் படிக்க: ஹெர்சியா, நகசாவாவா?

அணுகுண்டைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும், எதைப் படிக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'வைத்தான் சொல்வார்கள். என்னிடம் கேட்டால் ஜப்பானியரான கெய்ஜி நகசாவா வரைந்த 'வெறுங்கால் கென்' என்ற படக்கதையையும் கூடவே சொல்வேன். இரண்டுமே 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணியைப் பற்றியவை. ஆனால் ஹெர்சியை அமெரிக்காவே அள்ளிக்கொண்டது. நகசாவாவை அவருடைய சொந்த நாட்டிலேயே ஒரு ஊரின் பள்ளி நூலகங்களில் மாணவர்கள் எடுக்க முடியாதபடி உள்ளே வைத்துவிட்டார்கள். ஏன் இப்படி நடந்தது என்று தெரிந்தால் எதை யாருக்குக் கொடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

ஹெர்சி எழுதியது முதலில் 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழில் வந்தது. அட்டையில் கோடைக்காலப் பூங்கா, விளையாடும் ஜனங்கள். உள்ளே வழக்கமான கார்ட்டூன்களோ கட்டுரைகளோ இல்லை. ஏறக்குறைய 31,000 சொற்களில் இந்த ஒரே எழுத்து. கடைகளில் இதழ் சீக்கிரமே தீர்ந்துபோனது. ஐன்ஸ்டைன் ஆயிரம் பிரதிகள் கேட்டார். ஏ.பி.சி. வானொலி நான்கு இரவுகளில் முழுவதையும் வாசித்து ஒலிபரப்பியது.

அதுவரை அமெரிக்கர்கள் குண்டை மேலிருந்துதான் பார்த்திருந்தார்கள்: காளான் மேகம், அழிந்த சதுர மைல் கணக்கு. ஹெர்சி அவர்களைத் தரையில் இறக்கி ஆறு பேரோடு நடக்க வைத்தார். ஒரு பாதிரியார், ஒரு போதகர், இரண்டு டாக்டர்கள், தையல்காரரின் விதவை ஒருவர், தகரத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த தொஷிகோ சசாகி. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறார் தொஷிகோ. அடுத்த கணம் புத்தக அலமாரி அவர்மேல் சாய்கிறது. எழுத்தாளர் ஓரிடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. 'ஜப்பான்காரன்' என்றாலே எதிரி என்று நான்கு வருடம் கேட்டுப் பழகிய வாசகர்களுக்கு, தங்களைப் போலவே வேலைக்குக் கிளம்பிய மனிதர்கள் தெரிந்தார்கள். பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாராட்டுதான். தேச விரோதம் என்று கோபித்தவர்களும் உண்டு.

அந்தப் பாராட்டுக்கு நடுவே கடுமையாக எதிர்த்தவர் அமெரிக்க எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி. பூகம்பத்தையும் வெள்ளத்தையும் எழுதுவது போல ஹெர்சி அணுகுண்டை எழுதிவிட்டார், அந்தக் குண்டுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் செத்தவர்களை அல்லவா பேட்டி எடுத்திருக்க வேண்டும் என்றார். 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது மதிப்பீடு. பிழைத்த ஆறு பேரின் கதை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது பிழைத்தவர்களின் கதைதான். மெக்கார்த்தி சொன்னதில் பாதி சரி என்றே நினைக்கிறேன். புத்தகத்தில் விமானி இல்லை, அதிபர் ட்ரூமன் இல்லை, முடிவெடுத்த மேஜை இல்லை. வாசகர் அழலாம், ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியாது. அந்தக் காலி இடத்தில் அரசுத் தரப்பு வந்து உட்கார்ந்தது. 1947 பிப்ரவரியில் முன்னாள் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதினார்: ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படைகளில் மட்டுமே பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சாகவோ காயப்படவோ கூடும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக. அந்த எண் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நகசாவா அந்த இடத்தைக் காலியாக விடவே இல்லை. குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் சுவர் மறைத்ததால் தப்பினார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இறந்தார்கள். அம்மா அன்றைக்கே பெற்ற பெண் குழந்தையும் சில மாதங்களில் போய்விட்டது. 1966இல் அம்மாவைத் தகனம் செய்தபோது, எடுத்து வைக்க எலும்பென்று எதுவும் மிஞ்சவில்லை. கதிர்வீச்சு எலும்பைக்கூட எடுத்துக்கொண்டது என்று நம்பிய அவர், அந்தக் கோபத்தில்தான் குண்டைப் பற்றி வரைய ஆரம்பித்தார்.

1973இல் சிறுவர்களுக்கான வாரப் பத்திரிகையான ஷோனென் ஜம்ப்பில் கென் தொடங்கியது. முதல் தொகுதியின் பெரும்பகுதி குண்டுக்கு முந்தைய மாதங்கள். போரை எதிர்க்கும் அப்பாவைத் துரோகி என்கிறது அக்கம்பக்கம். பிள்ளைகளைப் பட்டினி போடுகிறது. எனக்கு இந்தப் பகுதிதான் புத்தகத்தின் உயிர். குண்டைப் போட்டவன் அமெரிக்கன், ஆனால் குண்டு விழும்வரை நாட்டை இழுத்துவந்தவர்கள் யார் என்று ஒரு சிறுவன் கேட்கிறான். பேரரசரையும் விடுவதில்லை. பின்னால் வரும் அமெரிக்க மருத்துவக் குழுவையும் விடுவதில்லை. பரிசோதிப்பார்கள், வைத்தியம் பார்க்க மாட்டார்கள்.

பள்ளி நூலகத்தில் படக்கதையே அபூர்வமாக இருந்த காலத்தில், கென் அங்கே இடம் பிடித்தான். பயந்து அந்த அலமாரிப் பக்கமே போகாத பிள்ளைகளும் உண்டு, திரும்பத் திரும்ப எடுத்தவர்களும் உண்டு. நகசாவா இறந்த அதே 2012 டிசம்பரில் ஜப்பானின் மட்சுவே நகரக் கல்வி வாரியம், மாணவர்கள் தாங்களாக எடுக்க முடியாதபடி அதை உள்ளே வைக்கச் சொன்னது. சுட்டிக்காட்டப்பட்டவை, ஆசியாவில் ஜப்பானியச் சிப்பாய்கள் செய்த கொடுமைகளின் படங்கள். அடுத்த ஆகஸ்டில் விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை எடுத்தது. உருகி வழியும் தோலைக் காட்டும் படங்கள் அப்போதெல்லாம் பொறுத்துக்கொள்ளப்பட்டன. மட்சுவேயில் பொறுக்க முடியாமல் போனது 'நம்மவர்கள் செய்தது' என்ற பக்கங்கள்தான். அமெரிக்காவில் ஹெர்சிக்கு அந்தச் சிக்கல் வராததற்கும் இதுவே காரணம் என்பேன்.

கென்னில் குறைகள் இல்லாமல் இல்லை. பத்துத் தொகுதிகள், பிற்பகுதியில் சண்டையும் பழிவாங்கலும் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோரும் எல்லோரையும் அடிக்கிறார்கள். சலித்துப்போனால் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் நெவில் ஷூட்டின் 1957 நாவல் 'ஆன் தி பீச்'சையும் சேர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அணு ஆயுதப் போர் முடிந்து, கதிர்வீச்சு மெல்ல ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை நோக்கி வர, ஜனங்கள் அடுத்த வருடத் தோட்டத்துக்குச் செடி நடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் படித்து நடுங்கினார்கள். படிப்பவரைக் கலங்கடிப்பதில் இதற்கு இணை குறைவு. ஆனால் செய்வதற்கு எதுவுமில்லை என்ற சோர்வில் அது விட்டுவிடுகிறது. நான் மூன்றாவதாகத்தான் கொடுப்பேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு கென் முதல் தொகுதி. பெரியவர் ஒருவர் கூட இருந்து படிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் முதலில் கென், அப்புறம் ஹெர்சி என்றே சொல்வேன். 'யார்' என்ற கேள்வியோடு போனால்தான் ஹெர்சியின் அமைதிக்குள் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும். ஹெர்சியை வாங்கும்போது 1985இல் எழுதிச் சேர்த்த கடைசி அத்தியாயம் இருக்கும் பதிப்பாகப் பாருங்கள். போதகர் தனிமோட்டோவை 1955இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், குண்டு போட்ட விமானத்தின் துணை விமானிக்கு எதிரே நிறுத்திய சம்பவம் அதில்தான் வருகிறது. தனிமோட்டோவின் வாழ்க்கைக்கு இடையிடையே, எந்த நாடு எந்தத் தேதியில் அணுகுண்டைச் சோதித்தது என்று ஒவ்வொரு வரி வந்துகொண்டே இருக்கிறது. 39 வருடம் கழித்து ஹெர்சி பெயர் சொல்ல ஆரம்பிக்கிறார். சோவியத், பிரிட்டன் என்று போகும் அந்த வரிகளில் 1974 மே 18 தேதியிட்டு ஒன்று, இந்தியாவுக்கும் இருக்கிறது.